ஆறுகிற புண்ணை நாய் சொறியாமல் பார்த்துக்கொள்வது எப்படி

9 நாளாக ஆறிக்கொண்டிருந்த புண்ணை எங்கள் நாய் மணி ஒரே ராத்திரியில் கிளறிவைத்தது. காதுக்குக் கீழே, தாடை ஓரமாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்த புண் அது. நன்றாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. புண்ணை நக்காமலும் சொறியாமலும் இருக்கத் தலையைச் சுற்றி மாட்டும் அந்தப் பிளாஸ்டிக் கூம்போடு பாவம் எத்தனை நாள்தான் தூங்கும் என்று இரக்கப்பட்டு அன்றைக்குக் கழற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பொருக்கைக் காணோம், புண் பாதி உள்ளங்கை அளவுக்கு ஆகியிருக்கிறது, பின்னங்கால் நகத்தில் முடியும் ரத்தமும் ஒட்டியிருக்கிறது, அது என்னவோ ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "எப்போ கழட்டினீங்க?" என்பதுதான்.

புண் பார்க்கவே பயமாக இருக்கும் முதல் 2, 3 நாள் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம். கோட்டை விடுவது ஆறப்போகிற சமயத்தில். அரிப்பு ஜாஸ்தியாக இருப்பதும் அப்போதுதான். நமக்கே முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் வலி போன பிறகு நமநமவென்று அரிக்குமே, அதே கதைதான். ஆறுகிற தோலில் அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் மாதிரியான பொருள்கள் சுரக்கின்றன, அறுந்த நரம்பு நுனிகள் திரும்ப வளர்கின்றன, பொருக்கு காய்ந்து சுற்றியுள்ள தோலை இழுக்கிறது, மழித்த இடத்தில் முடி குத்திக்கொண்டு முளைக்கிறது. நாய்க்கோ சொறிந்தால் சுகமாக இருக்கிறது. சொறியச் சொறியத் தோல் வீங்கி இன்னும் அரிக்கும், அரிக்க அரிக்க இன்னும் சொறியும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து நாயைப் பாருங்கள். புண்ணை அது எதனால் தொடுகிறது? நாக்காலா, முன்பல்லால் நறநறவென்று கடித்தா, பின்னங்கால் நகத்தாலா, முன்னங்காலால் முகத்தைத் தேய்த்தா, இல்லை சுவரிலும் சோபாவிலும் உரசியா? இதைப் பார்க்காமல் நேராகக் கூம்பை மாட்டிவிட்டு, "கூம்பு போட்டும் புண் ஆறவில்லையே" என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். பின்னங்கால் எட்டுவது காது, கழுத்து, தோள், அக்குள், விலாவின் முன்பக்கம். வாய் எட்டுவது இடுப்பு, வால் அடி, தொடை, வயிறு, கால்கள். தோளில் இருக்கிற புண்ணைப் பின்னங்கால் சொறிகிறது என்றால் தலையைச் சுற்றி என்ன மாட்டினாலும் பிரயோஜனமில்லை. அங்கே சட்டையும் சாக்ஸும்தான் வேலை செய்யும்.

கூம்பு சரியான அளவில் இருந்தால் இன்னும் அதுதான் ராஜா, முக்கியமாக முகம், காது ஆகிய இடங்களுக்கும், வாய் எட்டுகிற எல்லா இடத்துக்கும். அளவு எடுப்பது சுலபம். கழுத்துப் பட்டை உட்காரும் இடத்திலிருந்து மூக்கு நுனி வரை அளந்து, அதற்கு மேல் 2, 3 செ.மீ. கூடுதலாக வரவேண்டும். மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நாக்கும் நீளும், அவ்வளவுதான். கழுத்தில் கட்டியபின் இரண்டு விரல் உள்ளே போகவேண்டும், மூன்று நான்கு விரல் போனால் முன்னங்காலை வைத்து நெம்பிக் கழற்றிவிடும். முதல் நாள் நாய் சிலை மாதிரி நிற்கும், பின்பக்கமாக நடக்கும், கதவு நிலையில் இடித்துக்கொள்ளும், உங்களை ஒரு துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றிரண்டு நாளில் பழகிவிடும். சாப்பாட்டுத் தட்டைக் கூம்பின் வாயைவிடச் சின்னதாக எடுத்து, ஒரு பெட்டியின் மேலே உயர்த்தி வைத்தால் சாப்பிட்டுவிடும். தண்ணீரும் அப்படியே. உள்பக்கத்தைத் தினமும் துடைத்துவிடுங்கள், எச்சிலும் சாப்பாடும் காய்ந்து நாறும், கழுத்துப் பக்கம் உராய்ந்து புதிதாக ஒரு புண்ணும் வரும்.

காற்றடைத்த வளையம் ஒன்று விற்கிறார்களே, பார்க்க வடை மாதிரி, அது நாய்க்கு வசதியானது என்பதில் சந்தேகமில்லை. விலாவுக்கும் வயிற்றுக்கும் ஓரளவு உதவும். ஆனால் பாதத்தையும் வால் நுனியையும் நீள மூக்குக்கார நாய்கள் அதையும் தாண்டி எட்டிவிடும், காதுப் புண்ணுக்கு அது சுத்தமாக உதவாது, ஏனென்றால் பின்னங்கால் தாராளமாக மேலே வரும். வாங்கியிருந்தால் மாட்டிவிட்டு, மறுபடியும் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

உடம்பில் இருக்கிற புண்ணுக்கு என்னுடைய ஓட்டு பழைய டீ சர்ட்டுக்கு. நல்ல பருத்தியாக, தளர்ந்துபோன ஒன்றாக எடுங்கள். சட்டையின் முன்பக்கம் நாயின் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி பிடித்து, முதலில் தலையை நுழையுங்கள், அப்புறம் முன்னங்கால் ஒவ்வொன்றாகக் கை வழியே. இப்போது வயிற்றடியில் துணி தொங்கும். அதையெல்லாம் முதுகுக்கு மேலே இழுத்துக் கொத்தாகச் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுங்கள், இல்லை தலைமுடிக்குப் போடும் பேண்டை அந்தக் கொத்துத் துணியில் சுற்றுங்கள். பேண்ட் துணியைத்தான் பிடிக்கவேண்டும், நாயின் இடுப்பைச் சுற்றிப் போடவே கூடாது. ஆண் நாயாக இருந்தால் சிறுநீர் போகிற இடத்துக்கு முன்னாலேயே துணி முடிந்துவிடட்டும். ஈரத்துணி புண்ணின் மேல் அரை நாள் கிடந்தால் சொறிந்ததைவிட மோசமாகிவிடும். தொடையிலோ வால் அடியிலோ புண் என்றால் அதே சட்டையைப் பின்பக்கமாகப் போடலாம், பின்னங்கால்கள் கை வழியே, வால் கழுத்து ஓட்டை வழியே. கேலிக்கூத்தாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும். துணிக்கு மேலேயே கடித்து ஈரமாக்குகிற ரகம் என்றால் சட்டையும் கூம்பும் சேர்த்துப் போடவேண்டியதுதான்.

பின்னங்காலுக்குச் சாக்ஸ். குழந்தை சாக்ஸ் நடுத்தர நாய்க்குச் சரியாக இருக்கும். சொறிவதை இது நிறுத்தாது, நகம் தோலைக் கிழிப்பதை நிறுத்தும். ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தாதீர்கள், முடிக்குள் புதைந்து மறந்துபோய் ரத்த ஓட்டம் நின்ற கதைகள் உண்டு. மேல் விளிம்பில் துணி டேப்பை, பாதி சாக்ஸிலும் பாதி முடியிலுமாக, இறுக்காமல் ஒரே சுற்று. நாய்க்கு உள்ளங்காலில் வியர்க்கும், அதனால் ஒரு நாளில் சில மணி நேரம் கழற்றி, விரல் இடுக்கைத் துடைத்துவிடுங்கள். வழுக்குகிற தரையில் சாக்ஸோடு ஓடவிடவும் வேண்டாம்.

அதைவிட முக்கியம் நகம். வெட்டி, அரம் வைத்து நுனியை மழுக்கிவிட்டால் பாதிச் சேதம் குறையும். புண் ஆறும்வரை 3, 4 நாளுக்கு ஒருமுறை அரம் போட்டாலே போதும், ஆழமாக வெட்டி உள்ளே இருக்கிற ரத்தக் குழாயைத் தொட்டுவிட்டு நாய்க்கு உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னங்காலின் உள்பக்கம் கொஞ்சம் மேலே தனியாக ஒரு நகம் இருக்கும், தரையில் படாததால் தேயாமல் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். முகத்தைத் தேய்த்துக் கிழிப்பது அதுதான், அதை மறந்துவிடாதீர்கள்.

கட்டுப் போடலாமா என்று கேட்பார்கள். டாக்டர் போட்ட கட்டு என்றால் அவர் சொன்ன நாள்வரை இருக்கட்டும். வீட்டில் நாமாகப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன், முக்கியமாகக் காலில். இறுகினால் கால் வீங்கும். அடையாளம் என்னவென்றால், நடு இரண்டு விரல்களின் நகங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி விரிய ஆரம்பிக்கும், பாதம் சில்லென்று இருக்கும். கட்டு நனைந்தாலும், நாறினாலும், நழுவினாலும் உடனே அவிழ்க்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது.

அழுக்கும் கசிவும் காய்ந்து ஒட்டியிருந்தால் அதுவே அரிக்கும், அதனால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சுத்தம் செய்யுங்கள். கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன். சுத்தமான துணியை இதில் நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பஞ்சின் நூல் புண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கட்டுப் போடப் பயன்படும் காஸ் துணியே நல்லது. பொருக்கு தானாக வந்தால் வரட்டும், நகத்தால் நோண்டி எடுக்கவேண்டாம். டாக்டர் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியைச் சொல்லியிருந்தால் திறந்த புண்ணுக்கு அதை 0.05 சதவீதமாகக் கரைக்கவேண்டும். 2 சதவீதத் திரவம் என்றால் 5 மி.லி.க்கு 195 மி.லி. தண்ணீர். கண்ணிலும் காதுக்குள்ளும் போகவே கூடாது. சோப்பு கலந்த குளோரெக்சிடின் வேறு, அது திறந்த புண்ணுக்கு ஆகாது. ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் நுரைப்பதையும் எரிவதையும் பார்த்து "நன்றாக வேலை செய்கிறது" என்று நினைக்கிறோம். அது புதிதாக வளர்கிற செல்லையும் சேர்த்துத்தான் கொல்கிறது.

அரிப்பு உச்சத்தில் இருக்கும் நேரம் ஒன்று உண்டு, பெரும்பாலும் சாயங்காலம், வீடு அடங்குகிற சமயம். அப்போது குளிர்ந்த ஈரத்துணியை 5 முதல் 10 நிமிடம் புண்ணைச் சுற்றி வைத்து எடுத்து, ஒற்றி உலர்த்துங்கள். ஐஸை நேராக வைக்காதீர்கள். எங்கள் மணி இரண்டாவது நாளே பழகிப்போய், துணியைப் பிழிகிற சத்தம் கேட்டால் தானாக வந்து தாடையை என் முட்டியில் வைத்துப் படுத்துக்கொள்ளும்.

எதைத் தடவக் கூடாது என்பது தனிப் பாட்டு. நாயின் மேல் தடவுகிற எதுவும் கடைசியில் அதன் வயிற்றுக்குள்தான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைக்குப் போடுகிற டயபர் களிம்பில் இருக்கும் ஜிங்க் ஆக்சைடு நாய் நக்கினால் விஷம். வலிக்குத் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல், மரப்பு மருந்து பென்சோகெயின், டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம் கலந்த தைலம், எதுவும் வேண்டாம். சோரியாசிஸுக்கான கால்சிபோட்ரியால் களிம்பும் 5-ஃபுளோரோயுராசில் களிம்பும் கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து, வீட்டில் யாராவது போட்டுக்கொள்கிறார்கள் என்றால் டியூபையும் தடவிய கையையும் நாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை அடக்கும்தான், ஆனால் திறந்த புண் ஆறுவதையும் அடக்கிவிடும். கசப்பு ஸ்பிரேயைப் புண்ணின் மேல் அடிக்காதீர்கள், சட்டையின் மேலோ சாக்ஸின் மேலோ அடிக்கலாம். சில நாய்கள் அதையும் ரசித்து நக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

"நாய் நக்கினால் புண் ஆறிவிடும், எச்சிலில் மருந்து இருக்கிறது" என்று யாராவது பெரியவர் சொல்வார். நாய் எச்சிலுக்குச் சில கிருமிகளைக் கொல்லும் சக்தி கொஞ்சம் இருப்பது உண்மைதான். அதே வாயில் வேறு கிருமிகளும் இருக்கின்றன, நாக்கு சொரசொரப்பாகத் தேய்க்கிறது, ஈரம் காயவே விடுவதில்லை. முன்னங்கால் மணிக்கட்டில் ஓயாமல் நக்கி நக்கித் தோல் தடித்து, முடி கொட்டி, ஆறாப் புண்ணாகவே நின்றுவிடுவதைப் பல நாய்களிடம் பார்க்கலாம். சில நாய்களுக்கு அது சலிப்பில் ஆரம்பித்துப் பழக்கமாகிவிடும், வைத்தியர்களுக்கே தலைவலி அது.

இப்போது அடிப்படைக் கேள்விக்கு வருவோம், புண் எதனால் வந்தது? இதைச் சரிசெய்யாமல் கூம்பு மாட்டுவது ஒழுகுகிற குழாயின் கீழே வாளி வைக்கிற மாதிரி. முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி, முக்கியமாக வால் அடியிலும் தொடையிலும் அரித்தால். பூச்சியைத் தேடவேண்டாம், அது ஓடிவிடும். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வால் அடியை வாரி, விழுகிற கருப்புத் துகள்களை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் போடுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். பூச்சியின் எச்சிலுக்கு அலர்ஜி உள்ள நாய்க்கு நாலைந்து கடி போதும், நாள் கணக்கில் சொறியும். மருந்தை நாய்க்குப் போட்டால் மட்டும் போதாது, முட்டையும் புழுவும் படுக்கையிலும் விரிப்பிலும் கிடக்கின்றன, கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். படுக்கைத் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், சோபா இடுக்கெல்லாம் வேக்குவம் போடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பக்கமே போகாதீர்கள், பூனைக்கு அது எமன்.

காது விளிம்பும் முழங்கையும் சேர்ந்து அரித்து, உங்களுக்கும் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் பொட்டு வந்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம். வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். இரண்டும் தொற்றும், இரண்டுக்கும் டாக்டர்தான். காதுக்குக் கீழே புண் என்றால் காதுக்குள் மோந்து பாருங்கள், பல தடவை உள்ளே இருக்கும் தொற்றுக்குத்தான் வெளியே சொறிகிறது. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். காதுக்குச் சொட்டு மருந்து போன பிறகுதான் பின்னங்கால் ஓய்ந்தது. கழுத்துப் பட்டையோ ஹார்னஸோ புண்ணின் மேல் உரசினால் அதைக் கழற்றி வேறு வகை மாற்றுங்கள்.

சொறிய ஆரம்பிக்கும்போது "ஏய்!" என்று கத்தினால் என்ன ஆகும் தெரியுமா? நீங்கள் இருக்கும்போது சொறியாது, அடுத்த அறைக்குப் போய்ச் சொறியும். இன்னும் கெட்டிக்கார நாய் என்றால், சொறிந்தால் நீங்கள் ஓடி வருகிறீர்கள் என்று கற்றுக்கொள்ளும். சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வந்ததும் வேறு வேலை கொடுங்கள். தீனியைத் துணியில் சுருட்டி வைத்து மோப்பம் பிடித்து எடுக்க விடுவது ஓட்டப் பந்தயத்தைவிட நாயைக் களைப்பாக்கும், புண்ணும் அசையாது. காலாற நடத்திக் கூட்டிப்போங்கள், ஆனால் நீச்சலும் குளியலும் மற்ற நாய்களோடு புரள்வதும் ஆறும்வரை கிடையாது.

ராத்திரிதான் உண்மையான பரீட்சை. கண் பார்க்காத நேரம் எல்லாவற்றிலும் கூம்போ சட்டையோ இருந்தே ஆகவேண்டும், இதில் இரக்கத்துக்கு இடமில்லை. படுக்கையை உங்கள் கட்டில் பக்கத்தில் போடுங்கள். கழுத்துப் பட்டையில் தகடு இருந்தால், பட்டை புண்ணில் படாது என்றால், அதை விட்டுவையுங்கள், ராத்திரி கிணிகிணி என்று சத்தம் வந்தாலே சொறிகிறது என்று தெரிந்துவிடும்.

டாக்டரிடம் எப்போது ஓடவேண்டும்? சிவப்பு பரவினால், மஞ்சளோ பச்சையோ சீழ் வந்தால், நாற்றம் அடித்தால், புழு தெரிந்தால், தொட்டால் சூடாக இருந்து நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால். நாயின் சாதாரண உடல்சூடு ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், நம்மைவிடக் கூடுதல்தான், 39.5-ஐத் தாண்டினால் போன் போடுங்கள். ஒரே நாளில் ஈரப் புண்ணாகப் பெரிதாகிற ஹாட் ஸ்பாட்டை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், சுற்றியுள்ள முடியை மழித்தால்தான் காயும், வலிக்கும் என்பதால் சில சமயம் மயக்கம் கொடுத்துத்தான் மழிப்பார்கள்.

அரிப்புக்கு மருந்து கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. ஓக்லாசிடினிப் மாத்திரை ஒரே நாளில் அரிப்பைக் குறைக்கும், ஆனால் 12 மாதம் ஆகாத குட்டிக்கும் கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் கொடுப்பதில்லை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் தாகமும் பசியும் மூத்திரமும் கூடும், நாமாகப் பாதியில் நிறுத்தக் கூடாது. மனிதருக்கான அலர்ஜி மாத்திரை நாய்களிடம் பெரும்பாலும் சுமார்தான். சளிக்கும் சேர்த்து இருக்கிற வகையில் சூடோஎஃபெட்ரின் இருக்கலாம், அது நாயைக் கொல்லும், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி உள்ள சிரப்பும் அப்படியே. பாரசிட்டமால், ஐபுபுரோஃபென் இரண்டையும் வலிக்கு என்று நாமாகக் கொடுக்கவே கூடாது.

தினமும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். கண் ஏமாற்றும், போட்டோ ஏமாற்றாது. புண்ணின் அடியில் இளஞ்சிவப்பாக, மணல் மணலாக, தொட்டால் ரத்தம் கசிகிற சதை வந்தால் பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. கூம்பை எப்போது கழற்றுவது என்றால், பொருக்கு தானாக விழுந்து, கீழே மூடிய தோல் தெரிந்து, கசிவே இல்லாமல் இருக்கவேண்டும். தையல் போட்டிருந்தால் பெரும்பாலும் 10 முதல் 14 நாள், பிரித்த பிறகுதான். அப்போதும் ஒரேயடியாக வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பகலில் 15 நிமிடம் கழற்றிப் பாருங்கள். நேராகப் புண்ணுக்குப் போனால் மாட்டிவிட்டு மறுநாள் பார்க்கலாம். உடம்பை உதறிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால் ஒரு மணி நேரமாக்குங்கள், அடுத்த நாள் அரை நாள். ராத்திரியைக் கடைசியாக விடுங்கள். மணிக்கு இரண்டாம் தடவை 16-ஆம் நாள் கழற்றினேன், தாடையில் முடி பொடிப் பொடியாக முளைத்திருந்தது, அது கூம்பை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டது.